மலை விடுதிகளில் பொதுக்கூடங்களை எளிமையாகவே பேணக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
மலையேற்றச் சங்கம்.

பெறுநர்:
முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர் அவர்கள்,
சென்னை.

பொருள்: மலைப்பகுதி வன விடுதிகளில் பலர் சேர்ந்து தங்கும் பொதுக்கூடங்களைத் தக்கவைத்தல், படுக்கைக் கணக்கில் முன்பதிவு வழங்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் சங்கத்தில் கல்லூரி மாணவர்கள் முதல் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் வரை பலரும் உறுப்பினர்கள். 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் கீழ் 14 மாவட்டங்களில் 40 மலைவழிகளை அரசு முறையாகத் திறந்துவிட்டதற்கு முதலில் எங்கள் நன்றி. பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக முன்னே நடக்க, அச்சமின்றி மலையேற முடிகிறது. நடந்து முடித்தபின் இரவு எங்கே தலைசாய்ப்பது என்பதுதான் இம்மனுவின் விஷயம்.

புதிய விடுதிகளைக் கட்டும்போதும் பழைய வன ஓய்வு விடுதிகளைப் புதுப்பிக்கும்போதும், ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொதுக்கூடமாவது இருக்க வேண்டும். அதில் ஆளுக்கொரு படுக்கை என்ற கணக்கில் முன்பதிவு தர வேண்டும். இதுவே எங்கள் தலையாய கோரிக்கை. அறைக் கணக்கில் மட்டும் பதிவு என்றால், தனியாக வரும் மாணவர் இரண்டு பேருக்கான வாடகையைக் கட்ட வேண்டும். அவர் கட்டமாட்டார், அடிவாரத்திலிருந்தே பேருந்து ஏறிவிடுவார். மலை அவருக்கும் உரியது.

வசதியே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், இந்த மனுவை எழுதுவதற்குள் எங்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் நடந்தது. மூட்டு வலிக்காரர்கள் மேற்கத்தியக் கழிப்பறை கேட்டார்கள். அதைச் சொகுசு என்றார்கள் இளைஞர்கள். அதே இளைஞர்கள் செல்போன் சார்ஜ் செய்யப் படுக்கைக்கு ஒரு பிளக் பாயிண்ட் கேட்டபோது பெரியவர்கள் சிரித்தார்கள். கடைசியில் ஒரு அளவுகோலுக்கு வந்தோம்: எது இல்லாவிட்டால் ஒருவர் மலைக்கே வர முடியாதோ அது தேவை, எது இல்லாவிட்டாலும் வரலாமோ அது சொகுசு. இதன்படி மேற்கத்தியக் கழிப்பறை ஒன்று தேவை. உள்தாழ்ப்பாள் சரியாக விழும் கதவும், பெண்களுக்குத் தனிக்கூடமும், ஒழுகாத கூரையும், ஈரவாடை இல்லாத கம்பளியும், மூட்டைப்பூச்சி இல்லாத மெத்தையும், முதலுதவிப் பெட்டியும் தேவை. பிளக் பாயிண்ட் கூடத்துக்கு இரண்டு போதும். டிவி, குளிர்சாதனம், ஒலிபெருக்கி, ‘கேம்ப் ஃபயர்’ எதுவும் வேண்டாம்.

வெந்நீரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபது பேர் ஆளுக்கு 15 லிட்டர் வெந்நீரில் குளித்தால் 300 லிட்டர். குழாயைத் திருகினால் வெந்நீர் கொட்டும் என்றால் யாரும் 15 லிட்டரோடு நிறுத்துவதில்லை. கோடையில் ஓடை நூலாக இளைத்துக் கிடக்கையில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்? காட்டு விலங்குகள் குடிக்கும் அதே ஓடையிலிருந்துதான். சோப்பு நுரையோடு திரும்பிப் போவதும் அங்கேதான். எனவே ஓர் அண்டா, ஆளுக்கு அரை வாளி, அதுவும் மழை, பனிக்காலங்களில் மட்டும் என்று வைக்கலாம்.

சாப்பாட்டிலும் இதே கணக்குதான். ‘பஃபே’ வைத்தால் மிச்சம் விழும். மிச்சம் விழுந்தால் காட்டுப்பன்றியும் கரடியும் வரும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடிகள் கோயில் விளக்குகளின் எண்ணெய் தேடி ஊருக்குள் வருவதைத் தாங்கள் நன்கறிவீர்கள். இரவுக்குச் சாம்பார் சாதம், காலையில் உப்புமா அல்லது கஞ்சி என ஒரே சமையல் போதும். அப்பொறுப்பை அந்தந்த மலைக் கிராமத்து மகளிர் சுய உதவிக் குழுவுக்குத் தர வேண்டுகிறோம்.

இப்படிக் கேட்பதில் நாங்கள் முதல் ஆட்கள் அல்லர். சுவிட்சர்லாந்தின் ஆல்பைன் சங்கம், தான் தொடங்கப்பட்ட 1863-ஆம் ஆண்டிலேயே டோடி மலையில் தன் முதல் குடிலைக் கட்டியது. பின்னர் ஆல்ப்ஸ் மலைக் குடில்கள் பலவும் ஓட்டல்களைப் போல மாறத் தொடங்கவே, ஜெர்மன்-ஆஸ்திரிய ஆல்பைன் சங்கம் 1923-இல் பாட் டோல்ஸ் நகரில் எளிமைக்குத் திரும்புவதென நெறிமுறை வகுத்தது. இன்றும் ஆல்ப்ஸ் குடில்களில் உறைபோல் தைத்த படுக்கைத் துணியை அவரவரே கொண்டுபோக வேண்டும். காலணியை வாசலருகே கழற்றிவிட வேண்டும். இரவு பத்து மணிக்குப் பேச்சு அடங்க வேண்டும். குளிக்க வழியில்லாத குடில்கள் பல. ஆனாலும் கோடையில் இடம் கிடைப்பது அரிது. படுக்கைத் துணி, காலணி, பேச்சு பற்றிய இந்த மூன்று விதிகளையும் நம் விடுதிகளிலும் எழுதி ஒட்டலாம். (குறட்டைக்கு அவர்களிடமும் விதி இல்லை, ஆகவே அதை நாங்கள் கோரிக்கையில் சேர்க்கவில்லை.)

பொதுக்கூடத்தால் பாதுகாப்பும் கூடும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டு 20-க்கும் மேற்பட்டோர் மாண்டதை எந்த மலையேறியும் மறக்கவில்லை. எல்லோரும் ஒரே கூடத்தில் தங்கினால், யார் மேலே போனார், யார் இன்னும் இறங்கவில்லை என்பதை ஒரு பதிவேட்டைப் புரட்டியே விடுதிக் காவலர் சொல்லிவிடுவார். ஆகவே கூடம்தோறும் வருகை, புறப்பாட்டுப் பதிவேடு வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறோம். தாங்கள் குறிப்பிடும் ஏதாவது ஒரு விடுதியின் கூடத்தை ஓராண்டுக்கு மாதிரியாக நடத்தக் கைகொடுக்கிறோம். மாதம் ஒருமுறை கம்பளிகளை வெயிலில் உலர்த்துவதும், சேரும் குப்பையை மூட்டை கட்டி அடிவாரத்துக்குச் சுமந்து இறக்குவதும் எங்கள் உறுப்பினர்களின் முறைவேலை. இதற்காக ஊதியமோ கட்டணச் சலுகையோ கேட்கமாட்டோம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் எங்கள் நிர்வாகிகள் மூவரை நேரில் அழைத்துப் பேச ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இணைப்பு: உறுப்பினர் கையொப்பங்கள், மாதிரிக் கூடத்தின் வரைபடம்.