மே மாச மொட்டை மாடியும் ஒரு மாணவர் போட்டியும்

மே மாசம் திருவாலங்காட்டுல ராத்திரி பத்து மணிக்கு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்க, இன்னும் சுடும். பக்கத்து ஊர் திருத்தணி வெயில் செய்திகளில் அடிக்கடி சதம் அடிப்பது உங்களுக்கே தெரியும். பகல் முழுக்க கான்கிரீட் தளம் குடிச்ச சூடு ராத்திரி நம்ம தலையில இறங்குது. ஏ.சி. வாங்கினா, அது இந்தச் சூட்டோடதான் மல்லுக்கட்டணும். இலவச 100 யூனிட் எந்த மூலைக்கு?

இதுக்கு காலேஜ் மாணவர்கள் விடை தேடுற போட்டிதான் 'சோலார் டெகாத்லான் இந்தியா'. அமெரிக்க எரிசக்தித் துறை 2002-ல் நடத்த ஆரம்பித்த போட்டியின் இந்திய வடிவம் இது. இங்கே 2020-ல் தொடங்கியது. ஒரு வருஷத்துக்குத் தேவையான மின்சாரத்தைத் தானே தயாரிக்கும் 'நெட் ஜீரோ' கட்டடம்தான் இலக்கு. அதுவும் நிஜ பில்டர்களின் நிஜ ப்ராஜெக்ட்டுக்கு டிசைன் போடணும். கட்டுமானத் தொழிலாளர்கள் சைட்டிலேயே தங்கும் வீடுகளுக்கும் ஒரு பிரிவு வைத்தார்கள். தகரக் கொட்டகையில் ஒரு மதியம் உட்கார்ந்தவங்களுக்கு அதன் அருமை புரியும்.

சோலார் பேனல் கடைசி வேலைதான். முதல்ல மேற்குச் சுவருக்கு நிழல், ஜன்னலுக்கு சன்ஷேட், தளத்துக்கு வெள்ளைப் பூச்சு. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'வும் சுவர், ஜன்னல் வழியா நுழையும் வெப்பத்துக்கு சதுர மீட்டருக்கு 15 வாட் என்று உச்சவரம்பு சொல்கிறது.

ஆனா, இதெல்லாம் புதுசா கட்டுறவங்களுக்கு. வாடகை வீட்டுக்காரர் என்ன செய்வார்? ஹவுஸ் ஓனர் பூச்சு அடிக்க மாட்டார். கரன்ட் பில் அவர் கட்டுறதில்லையே! ஆர்க்கிடெக்சர் படிக்கிற ஃப்ரெண்ட் இருந்தா, ஒருநாள் உங்க மொட்டை மாடிக்குக் கூட்டிட்டு வாங்க. மதியம் மூணு மணிக்கு, செருப்பில்லாம.