சைக்கிளுக்கு ஒன்றரை மீட்டர்

காரைதீவுச் சந்தியிலிருந்து சாய்ந்தமருது, கல்முனைக்குடி, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை என்று வடக்கே போகிறது ஏ-4 பிரதான வீதி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல் வட்டை. இடையில் நெருக்கியடித்துக்கொண்டு ஊர்கள். உள்வீதிகள் எல்லாம் கடைசியில் இந்த ஒரே வீதியில்தான் வந்து விழுகின்றன. கொழும்பு பஸ்ஸுக்கும், மீன்பெட்டி கட்டிய சைக்கிளுக்கும், ரியூசனுக்குப் போகும் பிள்ளைக்கும், ஜும்ஆ முடிந்து வெளிவரும் கூட்டத்துக்கும் இதுவே வழி. தரை சமமாக இருப்பதால் இந்தக் கரையோரத்தில் சைக்கிள் ஒருகாலமும் மறைந்துபோனதில்லை. 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது உத்தியோகத்தர்களும் அதில் ஏறினார்கள்.

இந்த வீதியில் ஒரு பஸ் ஒரு சைக்கிளை எவ்வளவு தள்ளி முந்த வேண்டும்? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டுவிட்டது. முந்துவதற்கான விதிகள் அதில் உண்டு. கவனயீனமாக ஓட்டுவது குற்றம். ஆனால் இத்தனை மீட்டர் என்ற அளவு கிடையாது. அளவு இல்லாததால் பொலிஸாருக்கும் பிடி இல்லை. தட்டினால் வழக்கு உண்டு. தட்டாமல் ஒரு சாண் இடைவெளியில் பறந்து போனவரை யாரும் கேட்பதில்லை. இரவில் லைட் இல்லாத சைக்கிளையும் டபுள் ஏற்றி வந்தவரையும் மறித்துப் பிடிக்கத் தெரிந்த அமைப்புக்கு, அந்த சைக்கிளை உரசிப் போகிற பத்துத் தொன் வாகனத்தை அளக்க ஒரு கோல் இல்லை. இந்த அநீதி நமக்குப் பழகிவிட்டது, அதுதான் வேதனை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருவழி வீதியில் ஒரு பக்கத்துத் தடம் மூன்றரை மீட்டர் என்று வையுங்கள். சைக்கிள் ஓரத்திலிருந்து 40 சென்றிமீட்டர் தள்ளிப் போகிறது. அதன் ஹேண்டில் அகலம் 60 சென்றிமீட்டர். மிச்சம் இரண்டரை மீட்டர். பஸ்ஸின் அகலமும் ஏறக்குறைய அதே இரண்டரை மீட்டர்தான். அதாவது தன் தடத்துக்குள்ளேயே நின்று சைக்கிளை முந்துகிற பஸ், இடைவெளி என்று எதையும் விடவில்லை. ஒன்றரை மீட்டர் விட வேண்டுமானால் நடுக்கோட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எதிரே வாகனம் வந்தால் பின்னால் பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமைக்கு விலை என்ன? மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும் சைக்கிளின் பின்னால் 100 மீட்டர் வந்தால் 24 செக்கன். 50 கிலோமீட்டர் வேகத்தில் அதே தூரம் 7 செக்கன். இழப்பு 17 செக்கன்.

ஓரமும் காலியாக இருப்பதில்லை. ஹாட்வெயார் கடை வாசலில் லொறி நிற்கிறது, கம்பி இறங்குகிறது. வெள்ளைப் பர்தாவோடு பாடசாலையிலிருந்து வருகிற பிள்ளை லொறியைச் சுற்றிப் போக வலப்பக்கம் வெட்ட வேண்டும். ஒரு கை ஹேண்டிலில், மறு கை கூடையில் துள்ளும் புத்தகப் பையில். திரும்பிப் பார்க்கிற அந்தக் கணத்தில்தான் பின்னாலிருந்து ஹோர்ன் அலறுகிறது. ஹோர்ன் அடித்ததோடு தன் கடமை முடிந்தது என்று சாரதி நினைக்கிறார். பயந்த பிள்ளைக்கு ஒதுங்க இடமில்லை. கார்பட்டின் விளிம்பு, அதற்கப்பால் மணல், மூடி இல்லாத வடிகான்.

ஜேர்மனி 2020இல் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் என்று விதித்தது. பிரிட்டன் 2022 ஜனவரியில் தன் வீதி விதிக்கோவையில் ஒன்றரை மீட்டரை எழுதிவைத்தது. வீதியில் நடந்து போகிறவருக்கு இரண்டு மீட்டர். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2014இல் செய்தது நமக்கு இன்னும் பொருந்தும்: 60 கிலோமீட்டர் வேகம் வரை ஒரு மீட்டர், அதற்கு மேல் ஒன்றரை. கூடவே, எதிரே வழி தெளிவாக இருந்தால் சைக்கிளை முந்துவதற்காகத் தொடர்கோட்டையும் தாண்டலாம் என்று அனுமதித்தது. நடுக்கோடு நீளும் நம் வீதிகளில் இந்த அனுமதி இல்லாமல் இடைவெளியை மட்டும் கேட்டால், ஒழுங்கான சாரதியே மாட்டிக்கொள்வார்.

இதை எப்படி அமல்படுத்துவது என்று கேட்பார்கள். இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பொலிஸ் 2016இல் வழி காட்டியது. சிவில் உடையில் ஒரு பொலிஸ்காரர் சைக்கிளில் போனார். நெருக்கி முந்தியவரை முன்னால் நின்ற சக பொலிஸார் மறித்தார்கள். பலருக்கு அந்த இடத்திலேயே தரையில் விரித்த பாயில் இடைவெளியைக் காட்டிப் புரியவைத்தார்கள். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை.

சைக்கிள்காரர்களும் தவறு செய்கிறார்கள் என்பது உண்மைதான். எதிர்த்திசையில் வருகிறார்கள், போனில் பேசிக்கொண்டு மிதிக்கிறார்கள். அதற்குத் தண்டம் இருக்கட்டும், உயிர் தண்டமாகக் கூடாது. ஆண்டுக்கு 2,000க்கும் அதிகமானோரை வீதிகளில் இழக்கிற நாடு இது.

இடைவெளி வேகத்தோடு சேர்ந்தது. சைக்கிளும் நடப்பவரும் வாகனமும் கலக்கிற இடங்களில் 30 கிலோமீட்டர்தான் உச்சம் என்று 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோம் பிரகடனம் கேட்டது. நம் ஊர்களுக்குள் 50 வரை ஓடலாம். ஒரே ஆட்களை ஏற்ற இரண்டு பஸ்கள் போட்டி போடும்போது அந்த 50உம் நிற்பதில்லை. முன்னால் ஒரு வாகனம் கடவையில் ஆளுக்காக நிற்க, பின்னால் வந்தது அதை முந்திப் பாய்வதை கல்முனை பஸாரில் பார்க்காதவர் யார்?

ஒன்றரை மீட்டரைச் சட்டத்தில் எழுதும் வேலை கொழும்பில் நடக்க வேண்டும். அதற்குக் காத்திருக்காமல் மாநகர சபையும் பொலிஸும் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் உட்கார்ந்து பேசினால், காரைதீவுச் சந்தி முதல் மருதமுனை வரை 30 என்ற பலகையை அடுத்த நோன்புக்கு முன் நாட்டலாம். பாடசாலை விடும் நேரத்திலும், தராவீஹ் முடிந்து பெண்களும் பிள்ளைகளும் நடந்து வீடு திரும்பும் நேரத்திலும் பொலிஸார் நின்று கண்காணிக்கலாம். கடை வாசல் லொறிகள் சாமான் இறக்க அதிகாலையை ஒதுக்குவது வர்த்தகர் சங்கங்களின் கையில் இருக்கிறது.