ஒழுகும் இடத்தைச் சொல்லிவிட்டுப் படகை விற்கட்டும்

பழைய பாய்மரப் படகு கைமாறும்போது, "உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஏறும், பழைய படகென்றால் அப்படித்தான்" என்று விற்பவர் சொல்வதும், அதற்காக வாங்குபவர் விலையில் சிறிது குறைத்துக் கேட்பதும் சகஜம். இரு தரப்புக்கும் நியாயமாகவே தோன்றும் இந்தப் பேரம் உண்மையில் நியாயமானதல்ல. ஒழுக்கு எந்த இடத்தில் என்று தெரியாதவரை அதற்கு விலை வைக்கவே முடியாது. இடத்தைக் கண்டுபிடித்து வாங்குபவரிடம் சொல்வது விற்பவரின் கடமையாக வேண்டும்.

உலகெங்கும் அதிகமாகக் கைமாறும் லேசர் படகையே பார்ப்போம். கனடாவைச் சேர்ந்த புரூஸ் கெர்பி வடிவமைத்து 1971 இல் சந்தைக்கு வந்த இந்த ஒற்றை ஆள் படகு, இதுவரை 2 லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோவில் போட்டியிட்டதும் இதன் ரேடியல் வகையில்தான். 4.23 மீட்டர் நீளமுள்ள இதன் கூடு ஃபைபரில் தனித்தனியே வார்த்த அடிப்பகுதியும் மேல்தளமும் விளிம்பில் ஒட்டப்பட்டது. எடை சுமார் 59 கிலோ. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கக் கம்பிகள் கிடையாது. மேல்தளத்திலிருந்து அடிவரை இறங்கும் ஒரு குழாயில் மரம் செருகப்படுகிறது. பாயில் அடிக்கும் காற்றின் விசை முழுவதையும் அந்தக் குழாயும் அதன் அடியில் உள்ள ஒட்டும்தான் தாங்குகின்றன. பின்புற வடிகால் அடைப்பானின் ரப்பர் வளையம் தேய்ந்து நீர் ஏறினால், வளையத்தை மாற்றுவதோடு வேலை முடிந்தது. பாய்மரக் குழாயின் அடியில் மணல் அரைத்து ஒட்டு விட்டிருந்தாலும் உள்ளே சேர்வது அதே ஒரு கோப்பைத் தண்ணீராக இருக்கலாம். ஆனால் பலத்த காற்றில் அந்தக் குழாய் மேல்தளத்தைக் கிழித்துக்கொண்டு பெயர்ந்து, நடுநீரில் கூடு நிரம்பக்கூடும். இந்த இரண்டையும் "கொஞ்சம் தண்ணீர் ஏறும்" என்ற ஒரே வார்த்தையில் அடக்குவதுதான் ஆபத்து. பழைய லேசர்களை வாங்குபவர்களில் பலர் இப்போதுதான் பழகத் தொடங்கும் இளையவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

கண்டுபிடிப்பது கடினமும் அல்ல. பாய்மரக் குழாயில் நீரை நிரப்பி அரை மணி நேரம் விட்டுப் பார்த்தால் போதும். மட்டம் இறங்கினால் ஒழுக்கு அங்கே. மற்ற இடங்களுக்குச் சோப்பு நீர் இருக்கிறது. ஆள் உட்காரும் குழியின் முன்சுவரில் உள்ள சிறு காற்றுத் துளையை டேப்பால் மூடி, வடிகால் துளை வழியே வாயால் மெல்லக் காற்றை ஊதி, விளிம்பு ஒட்டு, நடுப்பலகைப் பொந்து, சுக்கான் பொருத்திய திருகுகள் ஆகியவற்றின் மேல் சோப்பு நீரைத் தடவினால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி கிளம்பும். கம்ப்ரசரை மட்டும் நெருங்க விடக்கூடாது, நல்ல ஒட்டையும் அது பிளந்துவிடும். சோதனை முடிந்ததும் டேப்பை நீக்கிவிட வேண்டும். வெயிலில் சூடான கூடு நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அந்தத் துளை அடைபட்டிருந்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாகவும் கூடு நீரை உறிஞ்சும்.

விற்பவருக்கே தெரியாத குறைக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்கலாம். படகு மாதக்கணக்கில் அவர் வசம் இருக்கிறது. வாங்க வருபவருக்குக் கிடைப்பதோ கரையில் சிறிது நேரம். அடுத்தவர் படகின் துளைகளை அடைத்து ஊதிப் பார்க்க அவருக்கு உரிமையும் இல்லை, கூச்சமும் இருக்கும். தெரிந்துகொள்ள எளிதான வழி யாரிடம் இருக்கிறதோ, பொறுப்பும் அவரிடம் இருப்பதே முறை. சொன்னால் விலை விழுமே என்ற வாதத்தில் உண்மை உண்டு. குழாய் விட்டிருந்தால் விலை நிச்சயம் விழும், விழத்தான் வேண்டும். ஆனால் வடிகால் வளையம் மட்டும் தேய்ந்த படகுக்காரர், இடத்தைக் காட்டிவிட்டால், மோசமான சந்தேகத்துக்காகக் கேட்கப்படும் தள்ளுபடியிலிருந்து தப்பிப்பார். நாணயமாக விற்பவருக்கு அதில் லாபமே. பழையதை வாங்குபவர் குறைகளை எதிர்பார்க்க வேண்டாமா என்றால், வெளுத்த பாயும் மேற்பூச்சின் கீறலும் கண்ணுக்குத் தெரிகின்றன, அவற்றுக்கு அது பொருந்தும். ஒழுக்கு கூட்டுக்குள் ஒளிந்திருப்பது.

சட்டம் இதில் வாங்குபவருக்கு அதிகம் கைகொடுப்பதில்லை. சரக்கு விற்பனைச் சட்டம், 1930 இன் 16 ஆவது பிரிவின்படி, வியாபாரி அல்லாத ஒருவர் தம் பொருளை விற்கும்போது அதன் தரத்துக்குப் பொதுவாக உத்தரவாதம் கிடையாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இன் 17 ஆவது பிரிவு, நோயுள்ள குதிரையைத் தெரிந்தே ஏலத்தில் விற்றவர் வாய் திறக்காமல் இருந்தால் அது மோசடி ஆகாது என்று உதாரணமே காட்டுகிறது. ஆனால் அதே பிரிவில் இன்னோர் உதாரணமும் இருக்கிறது. நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன் என்று வாங்குபவர் சொல்லி, விற்பவர் மௌனம் காத்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். படகு வாங்குபவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். "கூட்டில் ஒழுக்கு இல்லை, பாய்மரக் குழாய் உறுதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன், தவறென்றால் சொல்லுங்கள்" என்று பணம் கொடுக்கும் முன் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்கலாம். பாய்மரப் படகுக் கிளப்புகள் ஒரு படி மேலே போய், தங்கள் அறிவிப்புப் பலகையில் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு படகுடனும் குழாய்ச் சோதனை, சோப்புச் சோதனை ஆகியவற்றின் முடிவையும் கூட்டின் எடையையும் எழுதி ஒட்டச் சொல்லலாம். 59 கிலோ இருக்க வேண்டிய கூடு 65 காட்டினால், எங்கே நீர் தங்கியிருக்கிறது என்று கேட்க வாங்குபவர் கூச்சப்பட வேண்டியதில்லை.