காசில்லாக் கூடாரம்

அமெரிக்க நாட்டின் தேசிய வனங்களில் பல இடங்களிலே எவரும் கட்டணமின்றிக் கூடாரமடித்துத் தங்கலாம். பொதுவாக 14 நாட்கள் வரை. குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, குப்பைத் தொட்டியும் இல்லை. ஓடைக்கு 200 அடி தள்ளித் தங்க வேண்டும். மலங்கழிக்க 6 அங்குல ஆழமாவது குழி தோண்டி மூட வேண்டும். (முகம் சுளிக்காதீர்கள், தோழியரே!) குப்பையை மூட்டை கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். அடுப்புச் சாம்பல் கைக்குச் சில்லிடும்வரை நீரூற்ற வேண்டும்.

சிலர் குப்பையைப் போட்டுவிட்டுப் போவதால், கட்டணம் வாங்கலாமே என்பாருண்டு. நாம் அதை ஏற்கவில்லை. கட்டணம் வைத்தால் ஏழைக் குடும்பந்தான் முதலில் வெளியே நிற்கும். மேலும், காசு கொடுத்தவருக்குக் 'கூட்ட ஆளிருக்கிறது' என்ற எண்ணமே வரும். சென்ற சுற்றுலாவுக்கு நாமெல்லாம் பணம் கட்டினோமே, சாப்பிட்டு எறிந்த இலைகளைப் பொறுக்கியது யார்? உடன்வந்த ஆயாம்மாதான்.