முத்துலட்சுமி ரெட்டி: மேடைக்கதையும் சட்டசபையில் நடந்ததும்

மகளிர் தின மேடைகளில் வருடந்தோறும் ஒரு கதை சொல்கிறார்கள். 1929-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டசபையில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தார், காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி எதிர்த்தார், அப்படியானால் இனி உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள் என்று முத்துலட்சுமி திருப்பிக் கேட்டார், சபை வாயடைத்துப்போய்ச் சட்டத்தை நிறைவேற்றியது. கைதட்டல் வாங்கும் கதைதான். ஆனால் அவரை உண்மையாக மதிக்கிறவர்கள் இதைச் சொல்வதை நிறுத்தவேண்டும். இந்தக் கதையில் அவர் செய்த வேலை எதுவுமே இல்லை.

முதலில் ஆண்டைப் பார்ப்போம். 1929-ல் பொட்டுக்கட்டுவது, அதாவது சிறுமியைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவது, தடைசெய்யப்படவில்லை. 1927 நவம்பரில் அவர் கொண்டுவந்தது, இந்த வழக்கத்தை நிறுத்தச் சட்டம் செய்யுமாறு அரசைக் கேட்கும் தீர்மானம். 1929-ல் நிறைவேறியது, இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம். பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை அவர் 1930-ல்தான் முன்வைத்தார். அது அப்போது நிறைவேறவில்லை. தடைச்சட்டம் வந்தது 1947-ல், ஓமந்தூரார் ஆட்சியில். அப்போது முத்துலட்சுமி சட்டசபையிலேயே இல்லை. ஒரே பதிலடியில் சபை பணிந்திருந்தால், அந்த மசோதாவுக்குப் பிறகும் பதினேழு ஆண்டுகள் எதற்கு?

அந்த 1929 திருத்தம் சாதாரணமானதல்ல. என் பார்வையில் அவருடைய சட்டமன்ற வாழ்வின் உச்சம் அதுதான். கோயில் பணிக்காகத் தாசிகளுக்கு இனாம் நிலம் இருந்தது. பணி செய்ய ஆள் இருக்கும்வரைதான் நிலம் குடும்பத்திடம் நிற்கும். ஆகவே தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்காவது பொட்டுக்கட்டியாக வேண்டும். பெண் பிறக்காவிட்டால் தத்தெடுத்தாவது கட்டவேண்டும். பக்தி, மரபு என்று என்ன பெயர் வைத்தாலும், சிறுமியின் கழுத்தில் தாலி ஏறியதற்குப் பின்னால் இந்த நிலக்கணக்கும் இருந்தது. இதை அப்படியே விட்டுவிட்டு வழக்கத்தை மட்டும் தடைசெய்தால் அந்தப் பெண்கள் சோற்றுக்கு நிலமில்லாமல் தெருவில் நிற்பார்கள். அதனால் அவர் முடிச்சை வேறு முனையிலிருந்து அவிழ்த்தார். பணி செய்தாலும் செய்யாவிட்டாலும் நிலம் அவர்களுடையதே. அதற்கு ஒரு வரி கட்டினால் போதும் என்பது திருத்தத்தின் சாரம். பொட்டுக்கட்டும் கட்டாயத்தின் ஆணிவேர் அறுந்தது அங்கேதான். மேடையில் சொல்லக் கவர்ச்சியில்லாத விஷயம். ஆனால் பிரச்சினையின் பொருளாதாரத்தைப் புரிந்துகொண்ட ஒரு சட்டமன்ற உறுப்பினர் செய்யக்கூடிய காரியம் இதுதான்.

எதிர்த்தவர்கள் மேல்சாதி ஆண்கள் மட்டுமே என்பது கதையின் அடுத்த பிழை. தேவதாசிகளே சங்கம் கூடி மனுக்கொடுத்தார்கள். எங்களை விலைமாதரோடு சேர்க்காதீர்கள், நாங்கள் கலையும் கல்வியும் உள்ளவர்கள், எங்கள் பெண்களுக்கு வேண்டியது படிப்பு என்று அவர்கள் வாதாடினார்கள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்த அணியில் நின்றவர். இவர்களுக்கு முத்துலட்சுமி போதுமான இடம் தரவில்லை என்றே நான் கருதுகிறேன். அவருடைய தாய் சந்திரம்மாள் அந்தக் குலத்தில் பிறந்தவர். அந்த வலி அவருக்குச் சொந்த வலி. அதனாலேயே அந்த வாழ்வில் பெருமை கண்டவர்களின் குரல் அவர் காதில் ஏறவில்லை போலும். மேடைக்கதை அவரை வீராங்கனை ஆக்குவதற்காக இந்தப் பெண்களை வரலாற்றிலிருந்தே அழித்துவிடுகிறது. அதை ஏற்க முடியாது.

தேவதாசிகள் ஆடிய சதிர்க்கலையை அழித்தவர் முத்துலட்சுமியே என்ற எதிர்த்தரப்புக் குற்றச்சாட்டும் முழு உண்மையல்ல. 1932-ல் பத்திரிகைகளில், சதிருக்காகப் பேசிய ஈ. கிருஷ்ணய்யரோடு அவர் நடத்திய வாதத்தில் கடுமை இருந்தது. கோயிலுக்குள்ளும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதை 1947 சட்டம் தடுத்ததும் மெய். ஆனால் மைசூர் சமஸ்தானம் கோயில் தேவதாசி முறையை நிறுத்தியது அவர் சட்டசபைக்குள் நுழைவதற்கு வெகுகாலம் முன்பே. அந்தக் கலையை ஆதரித்த ஜமீன்களும் அரண்மனைகளும் நொடித்துப்போனதற்கு அவர் பொறுப்பல்ல.

கடைசியாக, அவர் வெள்ளையர் நியமித்த கைப்பாவை என்ற பேச்சு. நியமன உறுப்பினர் என்பது உண்மை. பெண்கள் தேர்தலில் நிற்கும் உரிமையே 1926-ல்தான் கிடைத்தது; அந்த ஆண்டு நின்ற கமலாதேவி சட்டோபாத்யாயா தோற்றார். வேறு வழியில் ஒரு பெண் அந்தச் சபைக்குள் வருவது அன்று எளிதல்ல. வந்தவரைத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்ததோ சபையே. 1930-ல் உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தி கைதானதும் அவர் ராஜினாமா செய்தார். தன் மசோதா கிடப்பில் இருந்த நேரம் அது. சபையில் இருந்திருந்தால் அதை நடத்திச்செல்லத் தொடர்ந்து போராடியிருக்கலாம். அவர் இல்லாமல் அது காலாவதியானது. தேவதாசி வழக்கத்திலிருந்து வெளியேறி, போக்கிடம் இல்லாமல் நின்ற பெண்களுக்காக அதே ஆண்டு அவர் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.