ஆசிரியர் விட்டுச் செல்லும் ஆஸ்தி



வேலையினிமித்தம் பெங்களூருக்கு வந்து, அல்சூரிலும் லிங்கராஜபுரத்திலும் வாடகை வீடுகளில் குடியிருக்கும் நம்மில் பலர், எத்தனை நெருக்கடியிலும் பிள்ளைக்கு ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். சபையில் தன் மகன் வாசிக்க வேண்டும் என்பது தாயின் வாஞ்சை. கருவி வீட்டிற்கு வந்துவிடுகிறது. ஆசிரியர் மட்டும் வருவதில்லை. கைபேசிக் காணொளியைப் பார்த்துப் பிள்ளை விரல் வைக்கிறான். சுருதியை மாற்ற ஒரு பொத்தான், தாளத்திற்கு மற்றொரு பொத்தான். இனி ஆசிரியர் எதற்கு என்றும் கேட்கிறோம்.

இக்கேள்விக்கு விடை, சென்னை மயிலாப்பூரில் சாயி லாட்ஜ் என்னும் விடுதியின் ஒரு சிறிய அறையில் இருக்கிறது. அங்கே தங்கி மேற்கத்திய இசையைக் கற்பித்தவர் தன்ராஜ் மாஸ்டர். 1960-களின் இறுதியில், பண்ணைப்புரம் என்ற கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்த ராசையா என்னும் இளைஞர் அவரிடம் மாணவராய்ச் சேர்ந்தார். ஆர்மோனியம் வாசித்துக் கச்சேரி செய்த அனுபவம் அவருக்கு முன்பே இருந்தது. எனினும் இசையை எழுதவும், எழுதியதை வாசிக்கவும் மாஸ்டரே பயிற்றுவித்தார். ராசையாவை ‘ராஜா’ என்று அழைத்தவரும் அவரே. அந்த மாணவர் 1976-இல் ‘அன்னக்கிளி’ படத்தின் மூலம் இளையராஜாவாக அறியப்பட்டார்.

அதே மாஸ்டரிடம் பின்னாளில் பயின்ற சிறுவன் ஏ. ஆர். ரஹ்மான். அவர் 1992-இல் ‘ரோஜா’ படத்திற்கு இசையமைத்தபோது, கணினி இசைக்கூடத்திற்குள் நுழைந்திருந்தது. ஒருவர் காகிதத்தில் எழுதிய காலம். மற்றவர் கணினியில் ஒலிகளைக் கோத்த காலம். கருவிகள் மாறின, காலம் மாறியது. இருவருக்கும் அடித்தளம் இட்ட ஆசிரியரோ ஒருவரே.

திரை இசையைப் புகழ்வது இப்பகுதியின் நோக்கமன்று. ஓர் ஆசிரியரின் உழைப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதையே கவனியுங்கள். 2025 மார்ச் 8-ஆம் தேதி, தமது 81-ஆம் வயதில் இளையராஜா லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். தமிழ் அறியாத இசைக்கலைஞர்கள் அவர் எழுதிய குறிப்புகளைப் பார்த்து வாசித்தார்கள். அந்த எழுத்தைப் படிக்கும் பயிற்சி, அரை நூற்றாண்டுக்கு முன்பு அந்த விடுதி அறையில் பெற்றது அல்லவா?

பொத்தான் ஒரு பாடலை எளிதாக்கும். ஆசிரியரோ, இதுவரை கேட்டிராத பாடலையும் வாசிக்கும் திறனைத் தருகிறார். தவறான விரலைக் காணொளி திருத்தாது. அருகில் அமர்ந்திருப்பவரே திருத்துவார். அவர் கண்டிக்கும்போது பிள்ளை பொறுமையையும் சேர்த்தே கற்கிறான்.

ஆகவே பெற்றோரே, உங்கள் பகுதியில் இசையை முறையாய்க் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பரீட்சை வந்தவுடன் முதலில் நிறுத்தப்படுவது இசை வகுப்பாக இருக்க வேண்டாம். அவருக்குரிய கட்டணத்தை மாதந்தோறும் தாமதமின்றிக் கொடுங்கள். ஐந்து நிமிடம் அதிகமாய் அமர்ந்து கற்பித்தால் அதற்காக நன்றி சொல்லுங்கள்.

நீங்கள் வாங்கிய கீபோர்டு சில ஆண்டுகளில் பழுதாகும். புதியது ஒன்று கடைக்கு வரும். நல்ல ஆசிரியர் பிள்ளையின் விரலிலும் செவியிலும் வைத்துச் செல்வதோ, அவன் முதிர்வயதிலும் அவனோடிருக்கும். இன்று மாலை உங்கள் பிள்ளை வாசிக்கும்போது சற்று அருகில் அமர்ந்து, “இதை உனக்கு யார் கற்றுக்கொடுத்தார்?” என்று கேட்டுப் பாருங்கள். அவன் ஒரு மனிதரின் பெயரைச் சொல்வானானால், நீங்கள் பாக்கியவான்கள்.