மாமாவுக்கு ஒரு ரூல்... மாப்பிள்ளைக்கு ஒரு ரூலா?

பொங்கல் வந்தால் அலங்காநல்லூர்ப் பக்கம் ரெண்டு ஆட்டம் நடக்கும். ஒண்ணு, வாடிவாசலில். அதை டி.வி-யில் காட்டுவாங்க. இன்னொண்ணு, திண்ணையிலும் மொட்டை மாடியிலும் பாய் விரிச்சு நடக்கிற ரம்மி. அதை எவனும் காட்டமாட்டான். ஆனா பாருங்க, மாடு முட்டின காயம் மாசி பொறக்கிறதுக்குள்ள ஆறிடும். சீட்டாட்டத்தில் மச்சான் சொன்ன சொல், பத்துப் பொங்கல் போனாலும் ஆறாது!

"வீட்டு ஆட்டம்தானேப்பா... எல்லாம் சொந்தக்காரய்ங்க... ரூலு கீலுன்னுக்கிட்டு!"

இந்த வசனம் பேசுகிற ஆசாமியைத்தான் இன்னிக்கு ஒரு பிடி பிடிக்கணும். ஏன்னா, சண்டைக்கு விதை போடுறதே இவர்தான்.

ஆட்டம் ஆரம்பிக்கும்போது பெருந்தன்மையா, "ரூல் எல்லாம் வேணாம்" என்பார். மூணாவது ஆட்டத்தில் மாப்பிள்ளை அவசரப்பட்டு ஷோ காட்டிடுவான். ஜோக்கர் இல்லாத ஒரிஜினல் வரிசை அவன் கையில இருக்காது. உடனே இவர், "தப்பு ஷோ! 80 பாயின்ட் எழுது!" என்பார். சரி, நியாயம்தான். அடுத்த ஆட்டத்தில் இவரே அதே தப்பைச் செய்வார். அப்போ மட்டும், "கண்ணாடி போடலைப்பா, இஸ்பேட்டும் கிளாவரும் ஒண்ணாத் தெரியுது. விடுங்க, மறுபடி கலைச்சுப் போடுங்க" என்பார். பெரியவராச்சேன்னு எல்லாரும் வாயை மூடிக்குவாங்க. மாப்பிள்ளை மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான். அந்தக் கடுப்பு அடுத்த காதுகுத்து மொய் நோட்டில் வெளிப்படும்.

வயசுக்கு மரியாதை வேணும்தான். பந்தியில முதல் இலை போடுங்க, தப்பில்லை. ஆனா, சீட்டுக் கட்டுல இருக்கிற ராஜாவுக்கு யாரு மாமா, யாரு மாப்பிள்ளைன்னு தெரியாது சாமி!

மேல்நாட்டுப் போக்கர் ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. சீட்டுதான் பேசும், ஆள் பேசக் கூடாது. நீ வாயால என்ன சொன்னாலும், மேஜையில விரிச்ச சீட்டு என்ன சொல்லுதோ அதான் தீர்ப்பு. இன்னொரு விதி, மேஜையில் வெச்ச காசுதான் அந்தக் கைக்குக் காசு. பாதியில் பாக்கெட்டுக்குள்ள கைவிடக் கூடாது. நம்ம திண்ணையில? "எழுதி வைப்பா, நாளைக்குத் தர்றேன்!" அந்த நாளைக்கு எந்த காலண்டர்லயும் வராது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்னு தள்ளாதீங்க. லண்டன்ல எட்மண்ட் ஹோய்ல்னு ஒருத்தர் 1742-லயே விஸ்ட் என்கிற சீட்டாட்டத்துக்குத் தனிப் புத்தகம் போட்டார். அவர் பேரே 'முறைப்படி' என்கிற அர்த்தத்துல அந்த ஊர்ப் பேச்சு வழக்காயிடுச்சு. நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. வாடிவாசலையே பாருங்க. திமிலைத்தான் பிடிக்கணும், வாலையும் கொம்பையும் தொடக் கூடாது. 15 மீட்டர், இல்லைன்னா 30 விநாடி, இல்லைன்னா மூணு துள்ளல். 2017-ல் அரசாங்கம் எழுதியே வெச்சிடுச்சு. மாடு வர்றதுக்கு முன்னாடியே மைக்குல சொல்லிடுறாங்க. அங்கேயும் தகராறு வரத்தான் செய்யுது. 2024-ல முதல் பரிசு யாருக்குன்னு பெரிய சர்ச்சையே ஆச்சு. ஆனா, விதிப்படி நடந்துச்சாங்கிறதுதான் அங்க சண்டை. விதியே என்னன்னு சண்டை போடுறது நம்ம பாயில மட்டும்தான்!

அடுத்த ஆள், வீட்டுக்காரர். ஆட்டத்துக்கு ஆட்டம் ஜெயிச்சவன் காசுல ஒரு பங்கை 'டீ, போண்டா செலவு'ன்னு எடுத்து வெச்சுக்குவார். போண்டா சுடுறது அந்த வீட்டம்மா. காசு போறது இவர் சட்டைப் பையில. இது வெறும் அல்பத்தனம் இல்லை, வில்லங்கம். 1967-ல் ஆந்திர வழக்கு ஒண்ணுல உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம், மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லைன்னு சொன்னது எல்லாருக்கும் தெரியும். திண்ணைக்குத் திண்ணை அதை மேற்கோள் காட்டுவாங்க. ஆனா, அதே தீர்ப்புல இன்னொரு வரியும் இருக்கு. ஆட்டம் நடத்துகிற இடத்துக்காரர் அந்த ஆட்டத்திலிருந்து லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம். இந்த வரி மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது. டீ செலவா? ஆட்டத்துக்கு முன்னாடி தலைக்கு இவ்வளவுன்னு வாங்கி, போண்டா சுடுகிற கையிலேயே கொடுத்துடுங்க.

"ரூல் ஒழுங்கா இருந்தாப் போதுமா?"ன்னு நீங்க கேட்கலாம். போதாது. செல்போன் ரம்மியில் ரூல் எல்லாம் கச்சிதம். தப்பு ஷோ காட்டினா மெஷின் மாமான்னும் பார்க்காது, மாப்பிள்ளைன்னும் பார்க்காது. ஆனாலும் எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துச்சு! தமிழ்நாடு 2022-ல் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்ட்டில் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அந்த மெஷினுக்குத் தெரியாத ஒரே ரூல், 'போதும் மாப்ள, எந்திரி!' அதைச் சொல்ல மனுஷனாலதான் முடியும். பக்கத்துல உட்கார்ந்திருக்கிற மச்சானால முடியும். அவனே, "விட்டதைப் பிடிக்காம எப்படிப் போவ?"ன்னு உசுப்பேத்தினா, அப்புறம் மெஷினுக்கும் மச்சானுக்கும் என்ன வித்தியாசம்?

அதனால, சீட்டைக் கலைக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பேசுங்க. ஸ்கூட்டுக்கு எத்தனை, நடு ஸ்கூட்டுக்கு எத்தனை, ஃபுல் எத்தனை? ஸ்கோர் நோட்டு முதல் பக்கத்துல எழுதுங்க. கீழே போட்ட சீட்டு போட்டதுதான். 'கை தவறிடுச்சு' கிடையாது. வேடிக்கை பார்க்கிறவர் வாய் திறந்தா அடுத்த டீ அவர் செலவு. ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும்னு முதல்லயே சொல்லிட்டா, ஜெயிச்சவன் நழுவுறான்னு யாரும் ஏச முடியாது. தோத்தவன் விடியவிடியப் பிடிச்சு வெக்கவும் முடியாது. இதுல இல்லாத வில்லங்கம் ஏதாவது வந்தா, அந்த ஆட்டத்தை அப்படியே ரத்து பண்ணிட்டு, அடுத்த ஆட்டத்திலிருந்து புது ரூல். நடுவுல யாருக்காகவும் மாத்தக் கூடாது, வீட்டுக்காரருக்கே ஆனாலும்.

எல்லாத்துக்கும் மேல, ஒரு ஆள் அதிகபட்சம் எவ்வளவு தோக்கலாம்? அதை எழுதுங்க முதல்ல. அந்தக் கணக்கு தொட்டதும், "உனக்கு அடுத்த கை கிடையாது, போய்ச் சாப்பிடு"ன்னு சொல்ற அதிகாரத்தை சுத்தி உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் கொடுங்க.

கிளப்புல தோத்தவன் அடுத்த வாரம் வராமலேயே இருந்துடலாம். அண்ணன், தம்பி, மாமன், மச்சான் அப்படிப் போக முடியுமா? வேத்தாள் கூட ஆடுறதுக்கே ரூல் வேணும்னா, விட்டுட்டுப் போக முடியாத ஆள்கூட ஆடுறதுக்கு எவ்வளவு ரூல் வேணும்!